வளையத்தில் திரும்பும் ரயிலும் நாலு வெட்டும்: கேள்வி பதில்

மாதிரி ரயில் பாதையில், ரயில் சுற்றி வந்து அதே பாதையில் திரும்பிப் போகும் திருப்பு வளையம் போடுவது பற்றித் திருகோணமலையில் இருந்தும் அயலூர்களில் இருந்தும் வந்த கேள்விகள் இவை. முதல் பதிலை ஆறுதலாகப் படித்தால் மற்றதில் பாதி தேவைப்படாது.

உவர்மலையில் இருந்து: ஐயா, நேர்ப்பாதையின் முடிவில் ஒரு பொயின்ட் (பாதை இரண்டாகப் பிரியும் துண்டு) வைத்து, வளையமாகச் சுற்றி அதே பொயின்ட்டில் கொண்டுவந்து சேர்த்தேன். கடைசித் துண்டை மாட்டியதும் பாதைக்கு மின்சாரம் கொடுக்கும் கொன்ட்ரோலர் நின்றுவிடுகிறது. என்ன பிழை?

உங்கள் வேலை சரி தம்பி. வளையம் போட்ட எல்லாருக்கும் இதுதான் நடக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, பொயின்ட்டுக்கு முன்னால் இடது தண்டவாளத்தில் விரலை வைத்து வளையம் முழுக்கச் சுற்றி வாருங்கள். திரும்பி வரும்போது விரல் வலது தண்டவாளத்தில் நிற்கும். பிளஸ் போய் மைனஸில் முட்டினால் ஷோர்ட்தானே.

வளையத்துக்குள் ஒரு நீளத்தைத் தனியாக்குங்கள். அதன் இரு முனையிலும் இரண்டு தண்டவாளத்தையும் வெட்ட வேண்டும். மொத்தம் நாலு வெட்டு. பிளாஸ்டிக் இணைப்பான் போட்டாலும் போதும். அறுப்பதென்றால் இடைவெளிக்குள் பிளாஸ்டிக் சீவலைச் செருகிப் பசை வையுங்கள். எங்கள் ஊர் வெக்கையில் தண்டவாளம் நீண்டு வெட்டு மூடிக்கொள்ளும், பிறகு பாதை முழுக்கத் தேடித் திரிவீர்கள்.

அந்தத் தனி நீளம் உங்கள் மிக நீண்ட ரயிலைவிட நீளமாக இருக்க வேண்டும். எஞ்சின் ஒரு முனை வெட்டைத் தாண்டும்போது கடைசிப் பெட்டியின் இரும்புச் சில்லு மற்ற முனை வெட்டில் நின்றால் மறுபடி ஷோர்ட்.

சாதாரண டிசி கொன்ட்ரோலர் என்றால், பிளஸ் மைனஸை இடம் மாற்ற ஆறு கால் உள்ள டிபிடிடி சுவிச் இரண்டு வாங்குங்கள். ஒன்று பிரதான பாதைக்கு, மற்றது வளையத்துக்கு. நடுக்கால் இரண்டிலும் கொன்ட்ரோலர் வயர். ஒரு முனைக் கால்கள் இரண்டில் இருந்து தண்டவாளத்துக்கு வயர். அதே கால்களை எதிர் முனைக் கால்களுக்குக் குறுக்கே மாற்றிக் கொடுங்கள். ரயில் முழுதாக வளையத்துக்குள் வந்ததும் பிரதான பாதையின் சுவிச்சை மட்டும் மாற்றுங்கள். கொன்ட்ரோலரில் உள்ள திசைக் குமிழைத் தொட்டால் ரயில் உள்ளேயே பின்னால் போகும். எல்லாரும் தடுமாறும் இடம் இதுதான்.

கிண்ணியாவில் இருந்து: சேர், என்னுடையது டிசிசி, தண்டவாளம் வழியே எஞ்சினுக்கு டிஜிட்டல் கட்டளை போகும் முறை. எனக்கும் ஆறு கால் சுவிச் வேண்டுமா?

தானியங்கி மாற்றி ஒன்று போதும். டிசிசியில் முன்னா பின்னா என்று முடிவெடுப்பது எஞ்சினுக்குள் இருந்து அந்தக் கட்டளையைப் படிக்கும் டிகோடர். தண்டவாளத்தில் பிளஸ் மைனஸ் இடம் மாறினாலும் அது கவலைப்படாது. சில்லு வெட்டைத் தாண்டும் கணத்தில் அந்த மாற்றி ஷோர்ட்டை உணர்ந்து பிளஸ் மைனஸைத் தானே புரட்டிவிடும், ரயில் நிற்காது. பாதைக்கு மின்சாரம் கொடுக்கும் உங்கள் பூஸ்டர் அதற்கு முந்திக்கொண்டு மின்சாரத்தை நிறுத்தினால்தான் சிக்கல். மாற்றி முதலில் வேலை செய்யும்படி, அது ஷோர்ட்டை உணரும் மின்னோட்ட அளவைக் குறைத்து வையுங்கள். நாலு வெட்டும் நீளக் கணக்கும் உங்களுக்கும் உண்டு.

பாலையூற்றில் இருந்து: ஒரு தண்டவாளத்தை மட்டும் வெட்டினால் போதாதா?

போதாது. நாலு வெட்டு.

சாம்பல்தீவில் இருந்து: கனடாவில் இருந்து மாமா ஒரு மாதிரி ரயில் செட் அனுப்பியிருக்கிறார். வளையம் போடலாமா?

வளையம் இருக்கட்டும் தங்கச்சி. முதலில் மின்மாற்றியின் அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 120 வோல்ட் என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் செருகவே கூடாது, எரிந்துவிடும். பிளக்கின் கால்களை மாற்றிக்கொடுக்கும் சின்ன அடப்டர் வோல்ட்டை மாற்றாது.

மூதூரில் இருந்து: ஜேர்மனியில் இருக்கும் சித்தப்பா மார்க்லின் கொம்பனியின் மாதிரி ரயில் அனுப்பினார். வளையம் போட்டேன், ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மட்டும் ஏன்?

இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் வரிசையாகப் பொட்டுகள் தெரிகிறதா? மின்சாரத்தின் ஒரு வயர் அதில் வருகிறது. இரு பக்கத் தண்டவாளமும் சேர்ந்து மற்ற வயர், எப்படிச் சுற்றினாலும் எதுவும் முட்டாது. வெட்டும் வேண்டாம், சுவிச்சும் வேண்டாம். ஆனால் அது ஏசி. இரு தண்டவாள டிசி எஞ்சினைக் கொண்டுபோய் அதில் வைக்காதீர்கள். பழைய உலோகப் பெட்டி மின்மாற்றி வந்திருந்தால் அலுமாரியில் வைத்துவிட்டுப் புதிது வாங்குங்கள். வோல்ட்டைப் பார்க்கச் சொல்வது எல்லாருக்கும்தான்.

நிலாவெளியில் இருந்து: எஞ்சினுக்குள் பற்றரியும் ரேடியோக் கட்டுப்பாடும் வைத்தால் இந்த வயர் கூத்து எதற்கு?

முற்றத்தில் ஓடும் பெரிய ரயில் என்றால் மறுக்கமாட்டேன். மேசையில் ஓடும் ஓஓ அளவுச் சின்ன எஞ்சினுக்குள் எங்கே வைப்பது? 12 வோல்ட் மோட்டாருக்கு 3.7 வோல்ட் லித்தியம் செல் குறைந்தது மூன்று தொடராக வேண்டும்.

நிலாவெளி மறுபடி: பின்னால் ஒரு பெட்டியில் வைக்கலாமே?

வைக்கலாம். பிறகு அந்தப் பெட்டியைக் கழற்ற முடியாது, யார்டில் எஞ்சினைத் தனியே ஓட்டும் சுகம் போய்விடும்.

இடையில் அன்புவழிபுரத்தில் இருந்து: அவர் சொல்வது சரி. கடற்காற்றில் தண்டவாளம் கறுத்து எஞ்சின் விக்கிவிக்கி ஓடுகிறது. பற்றரிக்கு அந்தத் தொல்லை இல்லை.

சரி, இதை ஒப்புக்கொள்கிறேன். உப்புக்காற்றில் உருக்குத் தண்டவாளம் துருவேறும், நிக்கல் சில்வர் எவ்வளவோ மேல். துணியில் ஐசோபுரோப்பைல் அல்கஹோல் நனைத்துத் துடைத்தால் ஓடும். மாதத்துக்குப் பலமுறை துடைக்கப் பொறுமை இல்லாதவர்கள் பற்றரிக்குப் போகலாம். ஆனால் லித்தியம் செல்லைப் பூட்டிய பிளாஸ்டிக் உடலுக்குள் வைத்து, சார்ஜ் போட்டுவிட்டு நித்திரைக்குப் போகாதீர்கள். பற்றரிக் கதை இத்தோடு போதும், வளையம் கேட்டவர்கள் காத்திருக்கிறார்கள்.

சீனக்குடாவில் இருந்து: எங்கள் உண்மையான ரயிலுக்கு ஏன் இந்தப் பிரச்சினை இல்லை?

அது டீசல். மின்சாரத்தை எஞ்சினே உண்டாக்குகிறது, தண்டவாளத்தில் இருந்து எடுப்பதில்லை. கல்ஓயாச் சந்தியில் இருந்து 1927இல் வந்த பாதை திருகோணமலையில் முடிகிறது. எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் பூட்டினால் வேலை முடிந்தது. திருகோணமலை நிலையத்தையே மாதிரியாகச் செய்பவர்களும் அப்படியே செய்யலாம், வளையமே வேண்டாம்.

தம்பலகாமத்தில் இருந்து: வளையத்தில் ஷோர்ட் ஆகிறது, ஏன்?

முதல் பதில்.

உவர்மலை மறுபடி: ஐயா, வெட்டிவிட்டேன். வளையத்துக்குப் பதில் முக்கோணம் போட்டாலும் இதே கதையா?

இதேதான். முக்கோணத்தின் மூன்று பக்கத்தில் ஏதாவது ஒன்றைத் தனியாக்குங்கள். பிரதான ரயில் அடிக்கடி போகாத பக்கமாகப் பார்த்து எடுங்கள், சுவிச்சை மாற்றும் வேலை குறையும்.