மூன்றாம் நாள் கிளேஸில் விழும் வலைக்கோடுகள்

சூளையிலிருந்து குறையில்லாமல் வந்த வெள்ளை ஜாடிகளில் மூன்றாம் நாள் ‘டிங்’ சத்தத்தோடு கோடுகள், கண்காட்சிக்கோ இருபது நாள் என்கிறீர்கள். இது கிரேசிங், அதாவது கிளேஸ் எனும் கண்ணாடிப் பூச்சில் விழும் மெல்லிய வெடிப்பு. திரும்பச் சுட வேண்டாம். கோடுகள் உருகி மறைந்து, ஆறியதும் மறுபடி வரும்.

ஆறும்போது கிளேஸ் களிமண்ணைவிட அதிகம் சுருங்குகிறது, அவ்வளவுதான். உங்கள் கிளேஸ் கலவையில் சோடா ஃபெல்ட்ஸ்பார் (சோடியம் உள்ள, கிளேஸை உருக வைக்கும் கனிமத் தூள்) நூற்றுக்கு 55 பங்கு. சுருக்கத்தைக் கூட்டும் சோடியம்தான் வில்லன். 100 கிராம் உலர்கலவையாக மூன்று எடுத்து 5, 10, 15 கிராம் சிலிக்கா (சுருக்கத்தைக் குறைக்கும் குவார்ட்ஸ் தூள்) சேருங்கள். அதே களிமண்ணில் செய்த சோதனை வில்லைகளில், வழக்கத்தைவிடச் சற்று மெல்லியதாகப் பூசி, அதே கோன் 6 வெப்ப அளவில் சுடுங்கள். 15-இல் சரியாக உருகாமல் மங்கினால் 10-ஓடு நிறுத்தி, ஃபெல்ட்ஸ்பாரில் ஒரு பகுதிக்குப் பதில் போரான் ஃபிரிட் (போரான் சேர்த்து உருக்கி அரைத்த கண்ணாடித் தூள்) போடுங்கள். சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். சாதாரணத் துணி முகக்கவசம் போதாது.

வில்லைகளைக் கொதிநீரில் 3 நிமிடம், ஐஸ் தண்ணீரில் 3 நிமிடம், இப்படி மூன்று முறை போட்டு, மை தடவித் துடைத்தால் மறைந்திருக்கும் கோடும் தெரியும். விளிம்பில் கிளேஸ் செதிலாக உதிர்ந்தால் சிலிக்கா மிஞ்சிவிட்டது. அது கிரேசிங்கைவிட மோசம், கையைக் கிழிக்கும்.

ஏற்கெனவே சுட்ட ஜாடிகளைத் தூக்கி எறியாதீர்கள். சோங் அரச வம்சக் காலத்துச் சீனக் குவான் (அரண்மனைக்கெனச் செய்த) கலங்களில் இந்த வெடிப்பைத்தான் அழகாகக் கொண்டாடினார்கள். கோடுகளில் கறுப்பு மை ஏற்றி அலங்காரப் பொருளாக வையுங்கள். பூ வைப்பதானால் முதலில் தண்ணீர் நிரப்பிச் செய்தித்தாள் மேல் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். தாள் நனைந்தால் காட்சிமேடையும் நனையும்.