உப்புநீர் ஊசி போட்டுக்கொண்டவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு உளவியல் எடுக்கிறேன். உணர்ச்சி பற்றிய பாடத்தில் ஜேம்ஸ்–லாங்கே, கேனன்–பார்ட், ஷாக்டர்–சிங்கர் என்று மூன்று கோட்பாடுகள் வரிசையாக வருகின்றன. முதலாவதை இரண்டாவது வீழ்த்தியது, மூன்றாவது சோதனை செய்து வழக்கை முடித்துவைத்தது என்ற தொனியில் பாடநூல் நிற்கிறது. "ஓடுவதால்தான் பயம் வருகிறதென்றால் ட்ரெட்மில்லில் ஓடுகிறவர் ஏன் பயப்படுவதில்லை?" என்று ஒரு மாணவி கேட்டாள். சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தப் பாடத்தை எப்படி நடத்தலாம்?

கே.

அன்புள்ள கே.,

அந்தப் பெண் கேட்டது, 1927-இல் அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் கேட்ட கேள்விதான். அதை அவளிடம் அவசியம் சொல்லுங்கள்.

ஆனால் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் சொன்னதைப் பாடநூல்கள் கொஞ்சம் திரித்துவிடுகின்றன. 1884 கட்டுரையில் அவர் எழுதியது, அழுவதால் வருந்துகிறோம், அடிப்பதால் கோபப்படுகிறோம், நடுங்குவதால் அஞ்சுகிறோம் என்று. கரடியைக் கண்டதுமே உடம்பு மாறிவிடுகிறது. அந்த மாற்றத்தை உணர்வதுதான் பயம் என்பது வாதம். ட்ரெட்மில்லில் கரடி இல்லை. ஆகவே அங்கே ஓடுகிற உடம்பும் காட்டில் ஓடுகிற உடம்பும் ஒன்றல்ல என்று ஜேம்ஸ் தரப்பில் சொல்லலாம். 1885-இல் டென்மார்க் மருத்துவர் லாங்கே தனியாக இதே முடிவுக்கு வந்தார். அவர் ரத்தக்குழாய்களையே பிரதானமாகப் பார்த்தார்.

கேனன் மடக்கியது இந்த இடத்தில்தான். பயம், கோபம், காய்ச்சல், கடுங்குளிர் எல்லாவற்றிலும் இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. உள்ளுறுப்புகளின் மாற்றம் ஒரேமாதிரி இருந்தால் அதை வைத்து எது பயம், எது கோபம் என்று எப்படிப் பிரிப்பது? அவர் கையில் இன்னொரு சான்றும் இருந்தது. ஸ்பெயின் மருத்துவர் மரான்யோன் 1924-இல் 210 பேருக்கு, இதயத்தைப் படபடக்கவைக்கும் ஹார்மோனான அட்ரினலினை ஊசியாகப் போட்டார். 71 சதவீதம் பேர் உடம்பில் தெரிந்ததை மட்டும் சொன்னார்கள். மீதிப்பேரிலும் பெரும்பாலோர், 'பயந்ததுபோல இருக்கிறது' என்றார்கள். பயந்தோம் என்று சொல்லவில்லை. அந்தப் 'போல' மிக முக்கியமானது. ஷாக்டரும் சிங்கரும் 1962-இல் வெளியிட்ட சோதனை அதிலிருந்துதான் பிறந்தது. உடம்பின் படபடப்பும் அதற்கு நாம் கற்பிக்கும் காரணமும் சேர்ந்ததுதான் உணர்ச்சி என்பது அவர்கள் கோட்பாடு.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 185 மாணவர்களை அழைத்து, பார்வைத்திறனுக்கான 'சுப்ராக்ஸின்' என்ற வைட்டமின் ஊசி என்றார்கள். ஒருவர் மறுத்துவிட்டார். மற்றவர்களில் சிலருக்கு அரை மில்லி அட்ரினலின், சிலருக்கு வெறும் உப்புநீர். அட்ரினலின் போட்டவர்களில் ஒரு குழுவிடம் படபடக்கும், கை நடுங்கும் என்று உண்மையைச் சொன்னார்கள். இன்னொரு குழுவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது குழுவிடம் கால் மரத்துப்போகும், உடம்பு அரிக்கும், லேசாகத் தலை வலிக்கும் என்று பொய் சொன்னார்கள். பிறகு ஒரு நடிகரோடு அறையில் உட்காரவைத்தார்கள். ஒரு அறையில் அவர் காகிதத்தைக் கசக்கிக் குப்பைத்தொட்டிக்குள் எறிந்து குதூகலிப்பார்; மற்றதில் அவமானப்படுத்தும் கேள்வித்தாளைப் பார்த்துக் கொதிப்பார். படபடப்புக்குக் காரணம் தெரியாதவர் பக்கத்திலிருப்பவரின் உணர்ச்சியையே தன்னுடையதாக எடுத்துக்கொள்வார் என்பது எதிர்பார்ப்பு.

இப்போது மகிழ்ச்சி அறையின் எண்களைப் பாருங்கள். 0 முதல் 4 வரை அளந்த மகிழ்ச்சியிலிருந்து, அதேபோல அளந்த எரிச்சலைக் கழித்து வந்தவை இவை. உண்மை தெரிந்தவர்கள் 0.98. ஒன்றும் தெரியாதவர்கள் 1.78. பொய் சொல்லப்பட்டவர்கள் 1.90. இதுவரை கோட்பாட்டுக்கு வெற்றி. ஆனால் உப்புநீர் ஊசிக்காரர்கள் 1.61! அவர்கள் உடம்பில் அட்ரினலினே இல்லை, அவர்கள்தானே கடைசியில் வரவேண்டும்? அவர்களுக்கும் ஒன்றும் தெரியாதவர்களுக்கும் உள்ள வித்தியாசம் புள்ளியியல்படி தேறவில்லை. கோப அறையில் இன்னும் மோசம். அங்கே எல்லாக் குழுக்களின் எண்ணும் மகிழ்ச்சிப் பக்கமே நின்றது. தேர்வில் கூடுதல் மதிப்பெண் கிடைக்கவிருந்ததால் மாணவர்கள் கோபத்தை வெளியே சொல்லவில்லை என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள். விளக்கம் சரியாகவே இருக்கலாம். ஆனால் சோதனையை முடித்த பிறகு சேர்க்கிற விளக்கம் நிரூபணம் ஆகாது.

1979-இல் மார்ஷல்–ஜிம்பார்டோ அட்ரினலின் ஊசியோடு திரும்பச் செய்துபார்த்தபோது மகிழ்ச்சி கூடவில்லை. மாஸ்லாக் ஹிப்னாடிசம் மூலம் காரணம் தெரியாத படபடப்பை வரவழைத்தார். பக்கத்திலிருப்பவர் சிரித்தாலும் சீறினாலும் கலக்கமே வந்தது. காரணம் புரியாத படபடப்பு வெற்றுச் சீட்டல்ல, அது ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். 1983-இல் ரைசன்சைன் எல்லா ஆய்வுகளையும் தொகுத்துப் பார்த்ததில் தேறியது ஒன்றுதான்: வேறு எங்கிருந்தோ வந்த படபடப்பைத் தவறாகப் பொருத்திக்கொண்டால், இருக்கிற உணர்ச்சி கூடுதலாகிறது. படபடப்பு இல்லாமல் உணர்ச்சியே இல்லை என்ற பெரிய வாதம் நிற்கவில்லை.

கேனனோடு சேர்ந்து பெயர் வரும் பார்ட்டுக்கும், உணர்ச்சி பிறக்கும் இடம் என்று அவர்கள் சொன்ன மூளைப்பகுதியான தலாமஸுக்கும் பத்து நிமிடம் போதும். மீதி நேரத்தில் 0.98, 1.78, 1.90 மூன்றையும் குழுக்களின் பெயரோடு பலகையில் எழுதுங்கள். உப்புநீர்க் குழுவின் எண் எவ்வளவு இருக்கவேண்டும் என்று மாணவர்களே ஊகித்துக் குறிப்பேட்டில் எழுதட்டும். எல்லோரும் எழுதிய பிறகு 1.61-ஐ எழுதுங்கள். ட்ரெட்மில் கேள்வி கேட்ட பெண்தான் முதலில் கை தூக்குவாள் என்று நினைக்கிறேன்.