பல் தப்பிய செயினும் பில் இல்லாத பெட்டியும்

இந்த வாரம் வந்ததில் பாதிக்குமேல் பழைய கார்க்காரர்களின் கடிதங்கள். எல்லாமே கேம் ஷாஃப்டை, அதாவது எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டைச் சுற்றித்தான்.

கே: என்னிடம் இருப்பது 948 சிசி ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. டைமிங் செயின் மாற்றியதிலிருந்து பிக்கப்பே இல்லை, மேட்டில் திணறுகிறது. கார்பரேட்டர்தான் கோளாறு என்று மெக்கானிக் புதிதாக ஒன்றை வாங்க வைத்தார். 9,000 ரூபாய் போனதுதான் மிச்சம். (கோவை வாசகர்)

ப: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. செயினைத் தொடும்வரை நன்றாக ஓடிய வண்டி, தொட்ட பிறகு இழுக்கவில்லை என்றால் முதலில் செயினைத்தானே பார்க்க வேண்டும்? பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான க்ராங்கையும் கேமையும் இணைப்பது அந்தச் செயின்தான். க்ராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். செயின் மாட்டும் பல்சக்கரத்தில் ஒரு பல் தப்பினாலும் வால்வு திறக்கும் நேரம் பிசகிவிடும். அப்புறம் எந்தக் கார்பரேட்டர் போட்டாலும் பலன் இல்லை.

ஹெரால்டு நம்ம வண்டலூரில் தயாரான வண்டி. இதன் கேம் பல்சக்கரத்தில் நான்கு துளைகள் உண்டு, போல்ட் இரண்டுதான். துளைகள் பல்லின் மையத்துக்கு நேராக இல்லாமல் சற்று விலகியிருக்கும். சக்கரத்தை 90 டிகிரி திருப்பி மாட்டினால் அரைப் பல் மாறும். முன்பின்னாகப் புரட்டினால் கால் பல். புரட்டித் திருப்பினால் முக்கால் பல். நுணுக்கமாகச் சரிசெய்யத்தான் இந்த ஏற்பாடு. தெரியாதவர் கையில் இதுவே வினை: அடையாளம் வைக்காமல் கழற்றி, கைக்கு வந்தபடி மாட்டியிருப்பார்.

சோதிக்க, வால்வுகளுக்கு மேலே இருக்கும் மூடியான ராக்கர் கவரைக் கழற்றினால் போதும். 4-ஆம் சிலிண்டரின் இரண்டு வால்வும் நன்றாக மூடியிருக்கும்போது ஒவ்வொரு வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளியை 40 தௌ, அதாவது 0.040 அங்குலம் வையுங்கள். பிறகு 1-ஆம் சிலிண்டரின் பிஸ்டன் கம்ப்ரெஷனில் உச்சிக்கு வரும்வரை க்ராங்கைச் சுற்றுங்கள். அப்போது 4-ஆம் சிலிண்டரில் ஒரு வால்வு மூடிக்கொண்டும் மற்றது திறக்கத் தொடங்கியும் இருக்கும். இரண்டிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) ஒரே அளவு காட்டினால் டைமிங் சரி. ஒன்று தளர்வு, ஒன்று இறுக்கம் என்றால் செயின் கவரைத் திறக்க வேண்டியதுதான். முடிந்ததும் இடைவெளியை மறக்காமல் பழைய 10 தௌவுக்கே கொண்டுவாருங்கள்.

மாட்டியவரே கூலி வாங்காமல் சரிசெய்து தரட்டும். அந்த 9,000-ஐயும் அவரிடமே கேளுங்கள். கூச்சம் வேண்டாம்.

கே: புதுக் கேம் ஷாஃப்ட் வாங்கிவிட்டேன். பழைய டேப்பட்டையே போடலாமா?

ப: கூடாது. கேமின் மேல் உரசி வால்வைத் தள்ளும் துண்டுதான் டேப்பட். புதுக் கேமைப் பழைய டேப்பட் தின்றுவிடும்.

கே: அம்பாசடருக்கு 'ரேஸ் கேம்' ஒன்றை ஆன்லைனில் பார்த்து முழுப்பணமும் அனுப்பி வாங்கினேன். ஐட்லிங்கில் (நின்றபடி எஞ்சின் ஓடும்போது) வண்டி ஆட்டமாய் ஆடுகிறது, பெட்ரோலும் குடிக்கிறது. கேமுடன் எந்தத் தாளும் வரவில்லை. (மதுரை வாசகர்)

ப: தாள் வருமா என்று பணம் அனுப்புமுன் கேட்டீர்களா? எத்தனை டிகிரியில் வால்வு திறக்கும், முழு உயரம் எங்கே என்று சொல்லாத கேம் வெறும் இரும்புத் தடி. படத்தைப் பார்த்து இரும்பு வாங்குகிறவர்களுக்கு நான் என்னத்தைச் சொல்ல!

சரி, வாங்கியாயிற்று. வால்வின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் டயல் கேஜும் க்ராங்கின் கோணத்தைக் காட்டும் டிகிரி தட்டும் வைத்திருக்கும் பட்டறைக்குப் போங்கள். இன்டேக் வால்வின் முழு உயரத்துக்கு முன்னும் பின்னும் ஒரே அளவு இறக்கம் காட்டும் இரண்டு இடங்களைக் குறித்து, நடுவை எடுத்தால் உச்சி எங்கே என்று தெரிந்துவிடும். அம்பாசடரில் ஹெரால்டு மாதிரித் துளை விளையாட்டு கிடையாது. சில டிகிரி நகர்த்த, சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கும் கீக்குப் பதிலாக, சற்று விலகிய ஆஃப்செட் கீ போட வேண்டும். அதற்குப் பிறகும் ஐட்லிங் ஆட்டம் முழுக்க நிற்காது. அதிக ஆர்.பி.எம்முக்குச் செதுக்கிய கேமின் குணமே அது. கடைத்தெருவுக்குப் போய்வரத்தான் வண்டி என்றால் பழைய கேமையே, அதனதன் டேப்பட்டோடு வரிசை மாறாமல் திரும்பப் போடுங்கள்.

கே: பத்மினிக்கு டைமிங் செட் (செயினும் சக்கரங்களும்) வாங்கினேன். சக்கரத்தில் கீ வெட்டு கோணலாக இருக்கிறது. கடைக்காரர், 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற போர்டைக் காட்டுகிறார். பில்லும் தரவில்லை. (சென்னை வாசகர்)

ப: அந்த போர்டைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே நியாயமற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படித்தான். திரும்ப எடுப்பதற்குப் பில்லில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாள் கணக்கு. போர்டு எத்தனை அடி நீளம் இருந்தாலும் சட்டத்துக்கு மேலே போய்விடாது. ஆனால் நாமும் லேசுப்பட்டவர்கள் இல்லை. 'பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்' என்றதும் பல்லை இளிக்கிறோம். என் அலமாரியிலும் இப்படி ஒரு செட் தூங்குகிறது: பெட்டி அசல் மாதிரியே இருக்கும், உள்ளே சக்கரத்தில் டைமிங் குறியே கிடையாது. குறைந்த விலை, பில் இல்லை, கடைக்காரருக்கு என் முகமும் ஞாபகம் இல்லை.

நீங்கள் விடாதீர்கள். போனில் பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸ்அப் பேச்சு, கோணல் வெட்டின் படம் எல்லாம் சாட்சிதான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழையுங்கள். அசையவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுங்கள். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதுவரை அந்தச் சக்கரத்தை வண்டியில் மாட்டவே மாட்டாதீர்கள். மாட்டிவிட்டால் 'உங்கள் மெக்கானிக் கெடுத்துவிட்டார்' என்பார்.

கே: டைமிங் லைட் வாங்கினால் கேம் டைமிங்கை நானே பார்த்துக்கொள்ளலாமா?

ப: அது ஸ்பார்க் நேரத்தைக் காட்டும் விளக்கு. வால்வைக் காட்டாது. காசை வைத்து டயல் கேஜ் வாங்குங்கள், பில்லோடு.