சிடன்ஹாம் கொரியா வந்த பிள்ளைக்குப் பேச்சும் படிப்பும் திரும்பி வருமா?

ஒன்பது வயது மகளுக்குக் கை கால் தானாகத் துள்ளுகிறது, பேச்சு குழறுகிறது, படித்தது மனதில் நிற்கவில்லை, இனி இப்படியேதானா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பெரும்பாலும் திரும்பி வரும். நான் டாக்டர் இல்லை. அதே நோயில் கிடந்து எழும்பியவள்.

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருந்தோம். எனக்குப் பத்து வயது, புலமைப்பரிசில் பரீட்சை வருடம். தொண்டை நோவு வந்தது, கொத்தமல்லி அவித்துக் குடித்தேன், போய்விட்டது. இரண்டு மூன்று மாதம் கழித்து வலது கை துள்ளத் தொடங்கியது. கொப்பியில் 'ழ' எழுதினால் வால் அடுத்த வரிக்கு இழுத்துக்கொண்டு போகும். "நடிக்கிறா" என்று டீச்சர் அடிமட்டத்தால் விரலிலேயே அடித்தார். அதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

கையை விட நாக்குத்தான் கொடுமை. கண்டியில் டாக்டர் பழங்களின் பெயர் சொல்லச் சொன்னார். வாழைப்பழம், பேரிக்காய், அதோடு நின்றுவிட்டது. எங்கள் வாசலில் நிற்கும் கொய்யா மரம் கண்ணுக்குள் தெரிகிறது, பெயர் வரவில்லை. நாக்கை நீட்டிப் பிடிக்கச் சொன்னார், நிற்காமல் உள்ளே ஓடியது. அவருடைய இரண்டு விரலை இறுக்கிப் பிடித்தேன், பால் கறக்கிற மாதிரி என் கை இறுகி இறுகித் தளர்ந்தது. தொண்டைக் கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள், ஆள் தெரியாமல் மூளையின் அடிப்பகுதி நரம்புத் திரளையும் தாக்கிவிட்டது என்றார். அசைவை அடக்குவதில் மட்டுமில்லை, சொல்லைத் தேடி எடுப்பதிலும் கவனத்தை நிறுத்துவதிலும் அந்த இடத்துக்குப் பங்கு உண்டாம். காரணமில்லாமல் அழுவதும் அதனால்தான்.

டாக்டரிடம் போகாமல் முதலில் மந்திரித்த நூல் கட்டினதற்காக என் அம்மாவை யாரும் குறை சொல்ல வேண்டாம். கண்டிக்குப் போனால் அன்றைக்குத் தோட்டத்தில் பேர் (வேலை நாள் கணக்கு) கிடையாது, சம்பளமும் கிடையாது. அதோடு கிளினிக் துண்டு முழுக்கச் சிங்களம். 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்திலேயே தமிழும் அரசகரும மொழி என்று எழுதியாயிற்று, அம்மாவோ கடை முதலாளியிடம் கெஞ்சித்தான் ஊசித் தேதியை வாசிப்பித்தார். அவர் பிழையாக வாசித்த மாதம் ஊசி தவறியது.

தொண்டைக் கிருமி திரும்பி வராமல் போடும் அந்தப் பென்சிலின் ஊசியை மட்டும் விடாதீர்கள். எனக்கு நான்கு கிழமைக்கு ஒருமுறை, 21 வயது வரை போட்டார்கள். இந்த நோய் இருதய வால்வையும் பிடிக்கலாம், எக்கோ (இருதய ஸ்கேன்) எடுக்காவிட்டால் கேட்டு எடுங்கள். எனக்குக் கை ஐந்து மாதத்தில் அடங்கியது, சொற்கள் வர இன்னும் நாளானது. பள்ளிக்கூடத்துக்கு டாக்டரின் கடிதம் கொடுங்கள். மகள் ஒரு சொல்லுக்குத் திணறும்போது நீங்கள் முந்திச் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லி முடிக்கும் வரை, கொழுந்துக்கூடையைக்கூட இறக்காமல் என் அம்மா நின்று கேட்பா.