அரசியலுக்காக விளையாட்டைப் புறக்கணிப்பதால் பலன் உண்டா?

கேள்வி: "ஒலிம்பிக், கிரிக்கெட் மாதிரியான சர்வதேசப் போட்டிகளை அரசியல் காரணத்துக்காகப் புறக்கணித்ததால் எங்காவது எதாவது மாறியிருக்கிறதா? இல்லை, வீரர்களின் வாழ்க்கை வீணானதுதான் மிச்சமா?"

இரண்டுமே நடந்திருக்கிறது. நான் பிறந்து வளர்ந்தது டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில். வெள்ளையர் நிறவெறி ஆட்சிக்காகத் தென்னாப்பிரிக்காவை உலகம் ஒதுக்கி வைத்த கதையைப் பலரும் எழுதிவிட்டார்கள். உள்ளே இருந்த நாங்களே எங்களுக்குப் போட்டுக்கொண்ட தடையைப் பற்றி வெளியில் அவ்வளவாகத் தெரியாது. என் பதில் அதிலிருந்துதான் வருகிறது: புறக்கணிப்பைக் கேட்டது யார் என்று முதலில் பார்க்க வேண்டும். அடி வாங்குகிறவனே, "எனக்கும் நஷ்டம்தான், பரவாயில்லை, நிறுத்துங்கள்" என்று கேட்டால் அதற்குப் பலம் வேறு. வல்லரசு ஒன்று தன் கோபத்தைக் காட்டச் செய்தால் அது பெரும்பாலும் புஸ்வாணம்.

முதலில் பாப்வா சேகோலம் கதை. டர்பன்காரர், இந்திய வம்சாவளி, கோல்ஃப் மைதானத்தில் மட்டை தூக்கிப் பிழைத்தவர், பள்ளிக்கூடம் போகாதவர். வலது கைக்குக் கீழே இடது கையை வைத்து, எல்லோரும் பிடிப்பதற்கு நேர்மாறாக மட்டையைப் பிடிப்பார். 1959-லும் 1960-லும் டச்சு ஓப்பன் ஜெயித்தார். சொந்த ஊரில் விளையாடவோ அரசு அனுமதிச் சீட்டு வேண்டும். அப்படி அனுமதி வாங்கி ஆடி 1963-ல் டர்பன் கன்ட்ரி கிளப்பில் நேட்டால் ஓப்பனை வென்றார். பரிசளிப்பு நேரத்தில் மழை. வெள்ளைக்காரர்கள் கிளப்புக்குள், உள்ளே நுழைய இவருக்கு உரிமை கிடையாது, வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். அந்தப் படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. 1965-ல் உலகப் புகழ் பெற்ற வெள்ளையர் கேரி பிளேயரையே தோற்கடித்து மறுபடி வென்றார். அப்புறம் அனுமதியே தரவில்லை. ஆக, விளையாட்டில் முதலில் அரசியலைக் கலந்தது யார்? "விளையாட்டில் அரசியல் கூடாது" என்று இங்கே அதிகம் சொன்னவர்கள், அந்தக் கிளப்புக்குள்ளே நனையாமல் இருந்தவர்கள்தான்.

1973-ல் சாகோஸ் என்ற அமைப்பு உருவானது. நிறபேதம் பார்க்காத விளையாட்டுச் சங்கங்கள் எல்லாம் சேர்ந்த கூட்டமைப்பு. அதன் செயலாளராக இருந்த எம். என். பத்தர் டர்பன் தமிழர். "இயல்பில்லாத சமூகத்தில் இயல்பான விளையாட்டு கிடையாது" என்பது அவர்கள் முழக்கம். 1976 வாக்கில் வெள்ளையர் கிரிக்கெட் சங்கங்கள் மற்றவர்களையும் தங்கள் லீக்கில் சேர்த்துக்கொள்ள முன்வந்தன. நல்ல ஆடுகளம், பச்சைப் புல், முறையான பயிற்சி. எங்கள் ஆட்கள் ஆடியது மேடும் பள்ளமுமான மைதானங்களில்.

என் தாய்மாமன் ஆஃப் ஸ்பின் போடுவார். அவருக்கும் அழைப்பு வந்தது, போகவில்லை. அவருடைய நெருங்கிய கூட்டாளி போனார். போனவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆட்டம் முடிந்ததும் வெள்ளைக்காரர்கள் அவர்கள் பகுதிக்கு, இவர் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய பகுதிக்கு, அவ்வளவுதான் அந்தச் சமத்துவம். ஆனால் சாகோஸின் விதி கறாரானது. இரட்டை நிலை எடுத்தவர் வெளியே. அனுமதி வாங்கி ஆடக்கூடாது, அந்த ஆட்டங்களைப் போய்ப் பார்க்கவும் கூடாது. மாமாவும் அந்த நண்பரும் ஒரே தெருவில் இருந்துகொண்டு வருஷக்கணக்கில் பேசவில்லை. கல்யாண வீட்டில் ஒருவர் பந்தியில் உட்கார்ந்தால் மற்றவர் அடுத்த பந்திக்குக் காத்திருப்பார். வானொலியில் வர்ணனை கேட்கலாமா என்பது மட்டும் எங்கள் வீட்டில் தீராத வழக்கு. அப்பா கேட்பார்; மாமா வரும் சத்தம் கேட்டால் அணைத்துவிடுவார்.

கால்பந்துக்கு கரீஸ் ஃபவுன்டன் மைதானம் இருந்தது. அங்கே சனி, ஞாயிறு கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேனிங் ரேஞ்சர்ஸ் அந்த உலகத்தில் வளர்ந்த அணி. நிறவெறி ஒழிந்த பிறகு புதிதாகத் தொடங்கிய தேசிய லீக்கின் முதல் கோப்பையை 1996-97-ல் தூக்கியது அவர்கள்தான்.

வெளியே நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் துணிந்தது மேசைப்பந்துக்காரர்கள்: 1956-லேயே அந்தச் சர்வதேசச் சம்மேளனம் வெள்ளையர் சங்கத்தை நீக்கிவிட்டு நிறபேதமற்ற சங்கத்தை ஏற்றுக்கொண்டது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அழைப்பு ரத்து, 1970-ல் ஒலிம்பிக் குழுவிலிருந்தே நீக்கம். 1968-ல் இங்கிலாந்து அணியில், இங்கே பிறந்த, வெள்ளையரல்லாத பேசில் டி'ஒலிவேரா இருக்கிறார் என்பதற்காகப் பிரதமர் ஃபோர்ஸ்டர் அந்த அணியை உள்ளே விட மறுத்தார், சுற்றுப்பயணம் நின்றது. நீச்சல் சம்மேளனம் 1973-ல் நாட்டை வெளியேற்றியது. அதற்காக உழைத்த மோர்கன் நாயுடுவுக்கு அரசு தடையுத்தரவு போட்டது. லண்டனில் இருந்துகொண்டு ஒவ்வொரு சம்மேளனத்தின் கதவையும் தட்டிக்கொண்டிருந்த சாம் ராம்சாமியும் டர்பன்காரர்தான். 1992-ல் பார்சிலோனா ஒலிம்பிக்குக்கு எங்கள் அணியைத் தலைமை தாங்கி அழைத்துப் போனதும் அவரே.

வீரர்கள் வாழ்க்கை வீணானதா என்று கேட்டீர்கள். உடனே எல்லோரும் பாரி ரிச்சர்ட்ஸைக் காட்டுவார்கள். நான்கே டெஸ்ட், 508 ரன், சராசரி 72-க்கு மேல், 1970-க்குப் பிறகு ஒன்றுமில்லை. அவரும் டர்பன்காரர், அற்புதமான ஆட்டக்காரர், எனக்கும் வருத்தம்தான். ஆனால் அதே ஊரில் ஒரு டெஸ்ட் கூட ஆட வழியில்லாமல் போனவர்களின் சராசரியை யார் கணக்கெடுத்தார்கள்? ரிச்சர்ட்ஸுக்கு ஒரு கதவு மூடியது. என் மாமாவுக்குக் கதவே வைக்கவில்லை.

தமிழர்களுக்குத் தெரிந்த இன்னொரு நஷ்டம், 1974 டேவிஸ் கோப்பை டென்னிஸ். விஜய் அமிர்தராஜ், ஆனந்த் அமிர்தராஜ் என்ற சென்னை அண்ணன் தம்பிகள் இந்தியாவை இறுதிச் சுற்று வரை கொண்டுவந்தார்கள். எதிரே தென்னாப்பிரிக்கா. இந்திய அரசு ஆடக்கூடாது என்றுவிட்டது, கோப்பை சும்மா எங்கள் நாட்டுக்கு வந்தது. இன்றுவரை தென்னாப்பிரிக்காவுக்கு அந்த ஒரே ஒரு கோப்பைதான். இந்தியா 1987-ல் மறுபடி இறுதிக்குப் போய் ஸ்வீடனிடம் தோற்றது. ஒரு தடவை கூட ஜெயிக்கவில்லை. விஜய்க்கு அப்போது இருபது வயது. அந்தப் பையன்கள் எங்களுக்காக விட்டுக்கொடுத்தது (விட்டுக்கொடுக்க வைக்கப்பட்டது என்பதுதான் சரி) சின்ன விஷயமில்லை.

வெள்ளைக்காரர்களுக்கு உண்மையில் வலித்தது ரக்பியில். 1976-ல் சொவேட்டோவில் எங்கள் போலீஸ் பள்ளிப் பிள்ளைகளைச் சுட்ட கையோடு, நியூசிலாந்து ரக்பி அணி இங்கே வந்து ஆடியது. அதைக் கண்டித்து இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகள் மான்ட்ரியல் ஒலிம்பிக்கை விட்டு விலகின. உலகச் சாதனை வைத்திருந்த தான்சானியாவின் ஃபில்பர்ட் பாயி இல்லாத 1500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் போனது நியூசிலாந்தின் ஜான் வாக்கருக்கு! அதுவும் ஒரு கொடுமை. 1981-ல் எங்கள் ரக்பி அணி நியூசிலாந்துக்குப் போனது. இங்கே தொலைக்காட்சி வந்து ஐந்து வருஷம்தான் ஆகியிருந்தது. விடியுமுன் எழுந்து ஹாமில்டன் ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தவர்கள் பார்த்தது, மக்கள் மைதானத்துக்குள் புகுந்து ஆட்டத்தையே நிறுத்தியதை. ஆக்லாந்தில் சிறு விமானம் ஒன்று மேலே பறந்து மாவு மூட்டை போட்டது. தங்களைப் போலவே இருக்கும் வெள்ளைக்காரர்களே தங்களை வேண்டாம் என்று சொல்வதை அவர்கள் வீட்டுக்கூடத்தில் பார்த்தார்கள். எந்த ஐ.நா. தீர்மானமும் அந்த வேலையைச் செய்திருக்காது என்பது என் எண்ணம்.

இதனால் மட்டும் நிறவெறி ஒழிந்ததா என்றால், இல்லை. தொழிற்சங்கங்கள், தெருப் போராட்டங்கள், பொருளாதாரத் தடை எல்லாம் சேர்ந்துதான். ஆனால் வலிக்காமல் இருந்திருந்தால் எண்பதுகளில் பணத்தைக் கொட்டி அந்நிய கிரிக்கெட் வீரர்களைக் களவாக வரவழைத்திருக்க மாட்டார்கள். புரவலர்களுக்கு அரசு வரிச்சலுகை கொடுத்தது. 1982-ல் அப்படி வந்த இலங்கை வீரர்களுக்கு அவர்கள் நாட்டில் 25 ஆண்டுத் தடை விழுந்தது.

மாஸ்கோ 1980 வேறு சமாச்சாரம். ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததற்காக அமெரிக்கா தலைமையில் பல நாடுகள் போகவில்லை. படை 1989 வரை அங்கேயே இருந்தது. பதிலுக்கு 1984-ல் லாஸ் ஏஞ்சலஸுக்கு சோவியத் அணி போகவில்லை, கணக்கு நேராகிவிட்டது. லாபம் என்று பார்த்தால், பலமான அணிகள் பல வராததால் பாஸ்கரன் தலைமையில் இந்திய ஹாக்கி அணிக்குத் தங்கம் கிடைத்தது ஒன்றுதான்!

இப்போது இங்கே நடக்கும் வாக்குவாதம் ஆப்கானிஸ்தான் பற்றி. அங்கே பெண்கள் கிரிக்கெட் ஆட முடியாது. 2025 ஜனவரியில் எங்கள் விளையாட்டு அமைச்சர் கேட்டன் மெக்கென்ஸி, எங்கள் சொந்த வரலாற்றைச் சுட்டிக்காட்டி, முடிவு தன் கையில் இருந்தால் அந்த அணியோடு ஆட விடமாட்டேன் என்றார். பிப்ரவரியில் கராச்சியில் ஆட்டம் நடந்தது, நாங்கள் ஜெயித்தோம். என் மகன் அமைச்சர் பக்கம். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. ஆஸ்திரேலியாவில் தஞ்சம் புகுந்த ஆப்கான் வீராங்கனைகள் 2024-ல் சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதினார்கள். தாங்கள் ஆட ஓர் அகதி அணி அமைக்க உதவுங்கள் என்பதுதான் அதில் அவர்கள் வைத்த கோரிக்கை. அதற்குக் கவுன்சில் என்ன செய்தது என்றுதான் முதலில் கேட்பேன். அந்தப் பெண்களே நாளைக்கு "அவர்களோடு ஆடாதீர்கள்" என்று கேட்டால் நான் மகன் பக்கம் போய்விடுவேன்.