பாப்-அப் விண்டோவுக்கு மெசேஜ் போய்ச் சேரவில்லையா?

வணக்கம் நண்பரே. வேறு சப்டொமைனில் இருக்கும் பணம் கட்டும் பக்கத்தை விண்டோ.ஓப்பன் போட்டுத் திறந்து, அடுத்த வரியிலேயே போஸ்ட்மெசேஜ் (ஒரு விண்டோவிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும் கட்டளை) அனுப்பினால் போகவில்லை, செட்டைம்அவுட்டில் (காத்திருந்து ஓடவைக்கும் கட்டளை) 2 வினாடி வைத்தால் உங்கள் கணினியில் போகிறது, மெதுவான மொபைலில் போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த 2 வினாடியை முதலில் எடுத்துவிடுங்கள், அது அதிர்ஷ்டத்தை நம்பி ஓடுகிற நிரல்.

விண்டோ திறந்த அந்த நொடியில் உள்ளே இருப்பது வெற்றுப் பக்கம்தான். அதன் ஆரிஜின் (https, டொமைன், போர்ட் மூன்றும் சேர்ந்த தள அடையாளம்) போஸ்ட்மெசேஜில் நீங்கள் கொடுத்த ஆரிஜினோடு பொருந்தாததால் பிரவுசர் மெசேஜைச் சேர்க்காமல் விட்டுவிடுகிறது, கன்சோலில் அந்த எச்சரிக்கை இருக்கும், பாருங்கள். ஆரிஜினுக்குப் பதில், எந்தத் தளமானாலும் சரி என்று பொருள்படும் நட்சத்திரக் குறி (*) போடலாமா என்று கேட்டீர்களே, தயவுசெய்து வேண்டாம். அந்த விண்டோவில் அப்போது எந்தத் தளம் இருந்தாலும் ஆர்டர் விவரம் அதன் கைக்குப் போய்விடும்.

வரிசையைத் திருப்புங்கள். பாப்-அப் தன் லிசனரை (வரும் மெசேஜைக் கேட்கும் பகுதி) மாட்டிய பிறகு விண்டோ.ஓப்பனர் (தன்னைத் திறந்த விண்டோ) வழியாக 'ரெடி' என்று அனுப்பட்டும், அதைத் திறந்த தாய்ப் பக்கம் அதைக் கேட்டதும் இவென்ட்.சோர்ஸுக்கே (மெசேஜ் அனுப்பிய விண்டோ) விவரத்தை அனுப்பட்டும். தாய்ப் பக்கத்தின் லிசனர் விண்டோவைத் திறப்பதற்கு முன்பே இருக்க வேண்டும்.

அப்புறம் மெசேஜ் எங்கிருந்து வந்தது என்று சரிபார்க்கும் உங்கள் இஃப் வரியில் ஒப்பிடும் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு இருக்கிறது. அனுப்பியவரின் ஆரிஜினைச் சொல்லும் இவென்ட்.ஆரிஜினில் அது வரவே வராது, அதனால் எல்லா மெசேஜும் அங்கேயே நின்றுவிடும். விண்டோ.ஓப்பனர் நல் (null, எதுவும் இல்லை) என்று வந்தால், விண்டோ.ஓப்பனில் அந்தத் தொடர்பைத் துண்டிக்கும் நோஓப்பனர் போட்டிருக்கிறீர்களா பாருங்கள்.