ஒரே மருந்துக்கு இங்கே செத்த செள், அங்கே ஏன் சாகவில்லை?

கேள்வி: என்னிடம் இரண்டு கோழிக் கொட்டகைகள். கோழியின் ரத்தம் குடிக்கும் சிவப்புச் செள்ளுக்கு இரண்டிலும் பைரெத்ராய்டு என்ற வகையைச் சேர்ந்த ஒரே பூச்சிமருந்தை அடித்தேன். பழைய கொட்டகையில் செத்துவிட்டன. வேறொரு பண்ணையிலிருந்து கோழிகளையும் கூடைகளையும் கொண்டுவந்த புதிய கொட்டகையில் எப்போதும்போல் ஊர்கின்றன. மருந்து போலியா?

பதில்: மருந்து பழையதில் வேலை செய்திருக்கிறதே! நான் சந்தேகப்படுவது அந்தக் கூடைகளைத்தான்.

கொட்டகைக்குள் போனால் நான் முதலில் பார்ப்பது கோழியை அல்ல, அது உட்காரும் கம்பின் முனையை. இரவில் ரத்தம் குடித்துவிட்டு, விடிவதற்குள் செள் போய் ஒளியும் இடுக்கு அது. இறக்கை கிடையாது, பெரும்பாலும் தன் சொந்தத்துக்குள்ளேயே பெருகும். தூரப் பயணமெல்லாம் நம் செலவில்தான்: கூடை, முட்டைத் தட்டு, விற்கும் கோழி. அதனால், எது எந்த வம்சம் என்று காட்டும் சிஓஐ மரபணுவை (உயிரணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் இருப்பது) படித்தால் வேடிக்கையாக இருக்கும். பக்கத்துப் பண்ணையில் வேறு வம்சம் இருக்கலாம். எல்லை தாண்டிய நாட்டில் இதே வம்சம் இருக்கலாம். புறாக் கூடுகளில் இதைப் போலவே தோன்றும் ஒரு செள் உண்டு. மரபணுவில் அது வெகுதூரம் விலகி நிற்பதால், தனி இனம் என்றே கருதுவோர் இருக்கிறார்கள்.

ஆனால் சிஓஐ உறவைத்தான் சொல்லும். மருந்தைத் தாங்குமா என்பதற்கு வேறு மரபணுவைப் பார்க்க வேண்டும். பைரெத்ராய்டு தாக்குவது நரம்பின் சோடியம் வாயிலை, அதாவது நரம்புச் செய்தி ஓடத் திறந்து மூடும் கதவை. அந்த மரபணுவில் சின்ன மாற்றம் வந்தாலே மருந்தின் பிடி தளர்ந்துவிடும். பெண் செள்ளுக்கு மரபணுத் தொகுதி இரண்டு, ஆணுக்கு ஒன்றுதான். ஆணிடம் அந்த மாற்றத்தை மறைக்க இன்னொரு பிரதி இல்லை. மருந்து அடித்ததும் மாற்றம் இல்லாதவை சாகும், இருப்பவை பெருகும். வெதுவெதுப்பான இடத்தில் முட்டை ஒரு வாரம் பத்து நாளில் பெரிய செள்ளாகிவிடும் என்பதால், தாங்கும் கூட்டம் சீக்கிரமே கொட்டகையை நிரப்பிவிடும். அப்படி ஒரு கூட்டம்தான் அந்தப் பண்ணையிலிருந்து உங்கள் கூடையில் வந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

சரி, என்ன செய்வது? தயவுசெய்து அளவைக் கூட்டாதீர்கள், அனுமதியில்லாத மருந்தையும் தொடாதீர்கள். 2017-இல் ஐரோப்பாவில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிமருந்து கலந்த முட்டைகளை லட்சக்கணக்கில் அழித்தது இந்தச் செள்ளுக்கு மருந்து தேடப் போய்த்தான். கால்நடை மருத்துவரிடம் கேட்டு, வேறு விதமாக வேலை செய்யும் மருந்துக்கு மாறுங்கள். இடுக்குகளில் சிலிக்கா தூள் போடலாம்; அது மேல்தோலின் மெழுகை உறிஞ்சி உலர்த்திக் கொல்லும், அங்கே சோடியம் வாயிலுக்கு வேலையே இல்லை. கொட்டகையைக் காலியாகப் போட்டால் பட்டினியில் சாகும் என்று நம்பாதீர்கள், மாதக்கணக்கில் தாங்கும்.

அதுவரை புதிய கொட்டகையின் கூடையோ தட்டோ பழையதற்குள் போகக் கூடாது.